சுதந்திரப் போராட்டத்தைச் சீனத்தில் சொல்ல ஒரு பெட்டி அட்டை

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர்களுக்குச் சீன மொழிபெயர்ப்பாளராகப் போய்வருவது என் தொழில். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்களோடு க்வாங்ஜோ போவேன். அங்கே சான்யுவான்லி என்ற பகுதியில் பெரிய தோல் சந்தை இருக்கிறது. ஜிப், பக்கிள், ரெக்சின், உள்துணி எல்லாம் அங்கேதான் எடுப்போம். ஒன்பது வருஷமாக இதே வேலை என்பதால், பக்கிள் முலாம் எத்தனை மாதம் தாங்கும் என்று சீனத்தில் அரை மணி நேரம் வாதாடுவேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் ஒரு பக்கிள் கடையில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தோம். கடைக்காரரின் அப்பா ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். என்னைக் கூப்பிட்டு, "நீ இந்தியப் பெண்தானே? காந்தி சண்டை போடாமல் இங்கிலீஷ்காரனை எப்படி அனுப்பினார்? எனக்குப் புரியும்படி சொல்லு" என்றார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். என்னால் "காந்தி ரொம்ப நல்லவர், உப்பு எடுத்தார்" என்பதைத் தாண்டி ஒரு வாக்கியம் கூடச் சொல்ல முடியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு டம்ளரில் எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சொந்த நாட்டின் கதை அது.

ஊருக்கு வந்ததும் தேடிப்பிடித்து வாங்கியதுதான் இந்தப் பெட்டி. காலனியாட்சியையும் விடுதலைப் போராட்டத்தையும் பற்றிப் படிக்கத் தேவையான சொற்கள், ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் ஆங்கிலம். இந்தியா, அமெரிக்கா, சீனா என்று பகுதி பகுதியாக. அச்சடித்தவை 200, நாமே எழுதிக்கொள்ள வெற்று அட்டை 20. விலை 1,240 ரூபாய், கூரியருக்கு 80. சயான் கோலிவாடாவில் என் வீட்டில் சாயங்காலம் நான்கு பெண்களுக்குச் சீனம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் காலேஜ் பிள்ளைகள், இரண்டு பேர் பத்தாவது வரை தமிழ் மீடியம். அவர்களோடு சேர்ந்து மூன்று மாதம் இந்த அட்டைகளைப் புரட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் மனசார பாராட்ட வேண்டியது, ஒவ்வொரு சொல்லையும் அட்டை பிரித்துக் காட்டும் விதம். சீனத்தில் ஒரு சொல் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பொருள் உண்டு. அட்டையின் நடுவில் முழுச் சொல், அதன் கீழே எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள். 'சுதந்திரம்' அட்டையைப் பாருங்கள்: தூ-லீ. தூ என்றால் தனியே, லீ என்றால் நிற்பது. ஒரு மனிதர் தரையில் காலூன்றி நிற்பதுதான் லீ எழுத்தின் பழைய வடிவம். தனியே நிற்பது. பிள்ளைகள் அதை ஒரு தரம் பார்த்தார்கள், பிறகு மறக்கவே இல்லை.

இந்தப் பிரித்துக் காட்டலில்தான் எனக்கு ஒரு பெரிய விஷயம் பிடிபட்டது. ஒத்துழையாமை இயக்கத்துக்குச் சீனத்தில் பூ-ஹெ-ச்சுவோ யுன்-தோங். யுன்-தோங் என்பதை நான் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! ஸ்போர்ட்ஸ் பைக்கு யுன்-தோங்-பாவ் என்றுதான் ஆர்டர் கொடுப்போம். உடலை அசைப்பதற்கும் மக்கள் இயக்கத்துக்கும் அங்கே ஒரே சொல். ஹெ-ச்சுவோ என்றால் சேர்ந்து செய்வது. பேரம் முடிந்து கைகுலுக்கும்போது கடைக்காரர்கள் வாய் நிறையச் சொல்லும் வார்த்தை அது. அதற்கு முன்னால் 'பூ' என்று ஒரு மறுப்பைச் சேர்த்தால், "உன்னோடு இனி வியாபாரம் இல்லை, கூட்டு இல்லை" என்றாகிவிடுகிறது. அந்தப் பெரியவரிடம் சொல்லத் தேவையான சொற்கள் அத்தனையும் என் வாயிலேயே இருந்தன. சேர்க்கத் தெரியாமல்தான் நின்றேன். என்னைப்போலச் சந்தையில் சீனம் கற்றவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு இந்தப் பெட்டி இதற்காகவே உதவும்.

'காலனி' அட்டையில் நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்தோம். ஜிர்-மின்-தி. பெருகுவது, மக்கள், நிலம். ஆங்கில அட்டையின் கீழ் சின்ன எழுத்தில், அந்தச் சொல் லத்தீனில் உழுது பயிரிடுவதிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறார்கள். நாம் தமிழில் 'குடியேற்ற நாடு' என்று எழுதியதும் இதே வழியில் வந்ததுதான். மூன்று மொழியிலும், வந்து குடியேறியவன் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்ன சொல். அமெரிக்காவின் 13 காலனிகளுக்கு அது பொருந்தும், அங்கே இங்கிலாந்திலிருந்து ஆட்கள் போய்க் குடியேறினார்கள். இந்தியாவில் அவர்கள் வந்தது நிலத்தில் குடியேற இல்லை, வரி வசூலிக்கவும் சரக்கு ஏற்றவும். ஆனாலும் சொல் ஒன்றுதான்.

அப்போது ஒருத்தி, "அக்கா, எங்க ஊர்ல காலனின்னா வேற" என்றாள். அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரித்துவைத்த அந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததை அவளே சொன்னாள். மும்பையில் ரயில்வே காலனி, ஹவுசிங் காலனி என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். ஒரு அட்டை இவ்வளவு பேச வைத்தால் அந்த 1,240 ரூபாய் வீண்போகவில்லை என்றுதான் சொல்வேன்.

காந்தியின் பெயர் அட்டையும் அழகு. சீனத்தில் கான்-தி. ஓசைக்காக எழுதியதுதான், ஆனால் கான் எழுத்துக்கு இனிமை என்று பொருள், தி என்றால் நிலம். காலனியின் கடைசி எழுத்தாக வருகிற அதே தி. மகாத்மாவுக்கு ஷெங்-சியுங், புனிதமும் வீரமும் சேர்ந்த சொல்.

உப்பு யாத்திரைக்கு ஷிர்-யென் ஜின்-ஜுன். ஜின்-ஜுன் என்றால் படை முன்னேறுவது. 1930 மார்ச் 12-இல் சபர்மதியிலிருந்து கையில் தடியோடு கிளம்பி, 24 நாள் நடந்து, ஏப்ரல் 6-இல் தண்டியில் ஒரு பிடி உப்பெடுத்த நடையைச் சீனர்கள் படையெடுப்பு என்று எழுதுகிறார்கள். முதலில் எனக்கு உறுத்தியது. பிறகு யோசித்தால், நாமும் அதை அறப்போர் என்றுதானே சொல்கிறோம்.

இந்த அட்டையில் ஒரு தவறு இருக்கிறது, வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். யென் என்பதற்கு மேல் போட்டிருக்கும் தொனிக்குறி பிழை. உப்பு என்றால் குரல் கீழிருந்து மேலே ஏற வேண்டும், நாம் "என்ன?" என்று கேட்கிற மாதிரி. அட்டையில் சமமாக நீட்டும் குறி இருக்கிறது. அப்படிச் சொன்னால் அது புகை, சிகரெட். காந்தி புகைக்காக நடந்தார் என்று ஒரு பிள்ளை மனப்பாடம் செய்துவிட்டால் என்ன ஆவது? வெளியீட்டாளருக்கு எழுதினேன். ஒன்பது நாளில் திருத்திய அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள், அதற்கு நன்றி. பழைய பெட்டிகள் இன்னும் விற்பனையில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு குறை தொனிக்குறியைப்போலத் தபாலில் தீராதது. அதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் ஆங்கிலம் என்றால், படிக்கிற பிள்ளை இரண்டும் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும். 1857 அட்டையில் ஆங்கிலப் பக்கம் 'மியூட்டினி' என்கிறது. மேலதிகாரியின் சொல்லைச் சிப்பாய் மீறிய கலகம். சீனப் பக்கத்தில் ச்சி-யீ. ச்சி என்றால் எழுவது. யீ என்ற எழுத்தை எப்படிச் சொல்ல? நேர்மை, நியாயம், கடமை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தமிழில் ஒரே சொல்லில் கேட்டால், அறம். அறத்துக்காக எழுவது. மியூட்டினிக்குச் சரியாகப் பொருந்தும் சீனச் சொல் வேறே இருக்கிறது: பிங்-பியென், சிப்பாய்கள் மாறிப்போனது. அரசைக் கவிழ்க்கப் பார்த்த குழப்பம் என்றால் பான்-லுவான். இந்த மூன்றில் எதை எடுக்கிறோம் என்பதிலேயே நாம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். சீனப் பாடநூல்கள் 1857-ஐ இந்திய தேசியப் பேரெழுச்சி என்றுதான் எழுதுகின்றன. அப்படியிருக்க, ஒரே அட்டையின் முன்பக்கம் போராடியவன் சொல்லும் பின்பக்கம் அடக்கியவன் சொல்லும் நிற்கின்றன. ஒரு வரி விளக்கம் கூடக் கிடையாது.

நம்மிடமும் இதே வழக்கு உண்டு. என் அம்மா படித்த புத்தகத்தில் சிப்பாய்க் கலகம். நான் படித்ததில் பெரும்புரட்சி. சொல் மாற ஒரு தலைமுறை ஆனது.

1946-க்கும் இதே கோளாறு. பிப்ரவரி 18-இல் இதே மும்பையில், தல்வார் என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில், கெட்டுப்போன சாப்பாட்டையும் வெள்ளை அதிகாரிகளின் வசவையும் பொறுக்க மாட்டாமல் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நாலைந்து நாளில் 78 கப்பல்களுக்குப் பரவி, 20,000 பேர் சேர்ந்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கு மேல் செத்தார்கள். சீன அட்டை அதை மெங்-மாய் மாலுமிகள் ச்சி-யீ என்கிறது. மெங்-மாய் என்பது மும்பை. ஆங்கில அட்டையில் மறுபடியும் மியூட்டினி. எங்கள் ஊரில் நடந்ததை எங்கள் பிள்ளைகள் பிரிட்டிஷ் அதிகாரியின் சொல்லால் படிக்க வேண்டுமா? நான் அந்த இரண்டு அட்டைகளிலும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அப்ரைசிங்' என்று பேனாவால் எழுதிவிட்டேன்.

'செடிஷன்' அட்டையில் மட்டும் இந்த மோதல் பாடமாகவே அமைந்துவிட்டது. நாம் ராஜத்துரோகம் என்கிறோம். 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளிய குற்றச்சாட்டு. சீனத்தில் ஷான்-தோங். ஷான் எழுத்தில் இடது பக்கம் நெருப்பு, வலது பக்கம் விசிறி. அடுத்து வரும் தோங், யுன்-தோங்கில் இருக்கிற அதே தோங். மக்கள் அசைந்தால் இயக்கம், அதையே அரசு பார்த்தால் விசிறிவிட்ட குற்றம். பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் எழுந்து வந்து கிட்டே நின்று பார்த்தார்கள்.

அமெரிக்கப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம், நன்றாக இருக்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பர் 16-இல் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குச் சீனத்தில் ச்சிங்-சா, தேயிலையைக் கவிழ்த்தது. தேயிலை சீனாவில் விளைந்தது, அனுப்பியது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி என்று அட்டையின் அடியில் ஒரு வரி இருக்கிறது. இப்படி ஒரு வரி எல்லா அட்டையிலும் இருந்திருக்கலாம்.

பிரிவினைக்கு ஃபென்-ஜிர். பிரித்து ஆள்வது. பிரித்தாளும் சூழ்ச்சிக்கும் அதே இரண்டு எழுத்துகள்தான், நடுவிலும் கடைசியிலும் ஒவ்வோர் எழுத்து கூடும். சுதேசிக்குப் பொருள் தேடாமல் ஓசையை மட்டும் எடுத்து ஸ்-வா-தெ-சி என்று எழுதுகிறார்கள். கடைசி எழுத்துக்குத் தனியாகப் பொருள் பார்த்தால் மேற்கு. 'பாய்காட்' என்பது 1880-இல் அயர்லாந்தில் குத்தகைக்காரர்கள் ஒதுக்கிவைத்த ஓர் எஸ்டேட் மேலாளரின் பெயர் என்று இந்த அட்டை பார்த்துத்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் லோக்கல் பிடித்து தாதரில் மாறி கிராண்ட் ரோடு போனோம். அங்கிருந்து நடை. கோவாலியா குளம் மைதானம், இப்போது ஆகஸ்ட் கிராந்தி மைதானம். 1942 ஆகஸ்ட் 8-இல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் போட்ட இடம். மறுநாள் தலைவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போன பிறகு அருணா ஆசஃப் அலி கொடியேற்றியதும் அங்கேதான். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், மழை விட்டு விட்டுத் தூறியது. அந்த அட்டையை எடுத்தேன். துய்-ச்சூ யின்-து. துய் பின்வாங்கு, ச்சூ வெளியே போ. எங்களில் ஒருத்தி காலேஜ் நேரம் போக பட்டறையில் கம்ப்யூட்டர் தையல் மெஷின் ஓட்டுகிறாள், சீன மெஷின். அட்டையைப் பிடுங்கிப் பார்த்தவள், "அக்கா! இது எம் மெஷின்ல இருக்கிற பட்டன்கா! டிசைன் முடிஞ்சதும் வெளிய வர தினமும் இதத்தான் அமுக்குறேன்!" என்று கத்தினாள். கிரிக்கெட் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்த அட்டையைத் திருப்பித் தரவில்லை. மெஷின் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

பொருளின் தரம் பற்றி: அட்டை கனமானது, எழுத்து பெரிது, சீன எழுத்தின் கோடுகள் எந்த வரிசையில் போட வேண்டும் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் லேமினேஷன் இல்லை. மும்பை மழையில் ஜூலையிலேயே ஓரம் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறேன். பெட்டியின் மூலை இரண்டாம் வாரமே கிழிந்தது. உச்சரிப்பு கேட்க க்யூஆர் குறி உண்டு. ஆண் குரல், தெளிவு, ஆனால் புதிதாகப் படிப்பவர்களுக்கு வேகம் அதிகம். சீனம் ஒன்றுமே தெரியாதவர்கள் இதை முதலில் வாங்க வேண்டாம். ஒரு வருஷமாவது படித்தவர்களுக்குத்தான் இது.

கடைசியாக, சீனப் பகுதி. 18 அட்டைதான், ஆனால் என்னை அதிகம் பாதித்தது அதுதான். பான்-ஜிர்-மின்-தி, அரைக் காலனி. பிரிட்டனிடம் தோற்ற அபினிப் போருக்குப் பிறகான தங்கள் நிலைமையைச் சீனர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த அட்டையில் சான்யுவான்லி காங்-யிங், சான்யுவான்லியில் பிரிட்டனை எதிர்த்தது. 1841-இல் ஊர்மக்கள் பிரிட்டிஷ் படையைச் சூழ்ந்துகொண்ட இடம். நான் ஒன்பது வருஷமாகப் பக்கிள் வாங்கப் போகிற அதே சான்யுவான்லி. அதே பெயரில் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்குவேன், எத்தனை தடவை!

அட்டையில் இல்லாத ஒன்றை நான் பிள்ளைகளிடம் சொன்னேன். அந்த மே மாதக் கடைசியில், கொட்டும் மழையில், வழி தப்பித் தனியே மாட்டிக்கொண்ட சிறு படைப்பிரிவு 37-ஆவது மதராஸ் சிப்பாய்ப் படையைச் சேர்ந்தது. மழையில் நனைந்து அவர்கள் துப்பாக்கி வெடிக்கவில்லை. கம்பெனிக்காரன் மதராஸ் ராஜதானியில் ஆள் எடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அந்த வயலில் நிறுத்திய சிப்பாய்கள். அதற்கு 35 வருஷம் முன்னால், 1806 ஜூலை 10-இல், அதே மதராஸ் படையின் சிப்பாய்கள்தான் வேலூர்க் கோட்டையில் எழுந்தார்கள். பொட்டு வைக்காதே, தாடி வைக்காதே, தோல் சின்னம் வைத்த தொப்பி போடு என்ற உத்தரவைத் தாங்க மாட்டாமல். அந்தப் பெரியவர் என்னிடம் காந்தியைப் பற்றிக் கேட்டாரே தவிர, இதைக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று அடிக்கடி யோசிக்கிறேன். அக்டோபரில் போகும்போது காந்தியைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு இதையும் நானே சொல்லப் போகிறேன்.

வேலூர் இந்தப் பெட்டியில் இல்லை. கட்டபொம்மன் இல்லை, வ.உ.சி.யின் கப்பல் இல்லை, ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் இல்லை. இந்தியப் பகுதி முழுக்க வடக்குதான். அதனால் வெற்று அட்டைகளில் நாங்களே எழுதத் தொடங்கினோம். வேலூருக்கு எந்தச் சொல் போடுவது என்று நான்கு பெண்களும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். பிங்-பியென் போதும், அது சிப்பாய்கள் மட்டும் எழுந்ததுதானே என்றாள் ஒருத்தி. மற்ற மூவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ச்சி-யீ என்று எழுதி, பின்பக்கம் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் எழுதினார்கள். வெற்று அட்டை 20-ம் தீர்ந்துவிட்டது. தனியாக 50 விற்பீர்களா என்று வெளியீட்டாளரைக் கேட்டு எழுதியிருக்கிறேன், லேமினேஷன் போட்டு.